விற்றமின் குளிசை புற்றுநோயைத் தடுக்குமா? வன்னியிலிருந்து ஒரு பார்வை

வன்னியில் வெளிநாட்டு உறவு இல்லாத வீடு குறைவு. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டிக்குள் சொக்லேட்டோடும் சவர்க்காரத்தோடும் விற்றமின் போத்தல்களும் வருகின்றன. கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் செட்டிகுளத்திலும் கண்ணாடி அலுமாரிகளுக்குள் அவற்றைக் காணலாம். அன்பினால் வாங்கி வரப்படுபவை அவை. குடும்பத்தில் ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, “அம்மா, நாளுக்கு ஒன்று கட்டாயம் போடுங்கோ, கான்சர் கிட்டவும் வராது” என்ற சொல்லும் அந்தப் போத்தலோடு சேர்ந்து வருகிறது.

அந்தச் சொல் உண்மையா? விற்றமின் எவ்வளவு உடம்புக்குள் போனால் புற்றுநோய் அபாயம் குறைகிறது, எவ்வளவுக்கு மேல் போனால் கூடுகிறது? உலகம் இந்தக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. இலட்சக்கணக்கானவர்கள் ஆய்வுகளுக்காகக் குளிசை விழுங்கியிருக்கிறார்கள். வந்த விடைகள் எதிர்பார்த்தவையாக இல்லை. அவற்றில் சில வன்னியில் வெற்றிலை சப்புகிற, பீடி குடிக்கிற மனிதருக்கு நேரடியான எச்சரிக்கைகள். ஆனாலும் அந்த எச்சரிக்கைகள் இங்கே போத்தல் வந்த வேகத்தில் வந்து சேரவில்லை.

நம்பிக்கை எங்கே தொடங்கியது என்று முதலில் பார்க்கலாம். இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் போலிங், ஸ்கொட்லாந்து வைத்தியர் யூவன் கமெரோனோடு சேர்ந்து, நாளுக்கு 10 கிராம் விற்றமின் சி கொடுத்த புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 1976இல் எழுதினார். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையம் அதே அளவை, போலிக் குளிசை கொடுத்த நோயாளிகளோடு ஒப்பிட்டு இரண்டு முறை சோதித்தது. 1979இலும் 1985இலும் வந்த முடிவு ஒன்றுதான்: பயன் இல்லை. ஆனால் போலிங்கின் பெயருக்கு இருந்த மதிப்பு அந்த முடிவுகளைவிடப் பெரிதாக இருந்தது. விற்றமின் சி விற்பனை குறையவில்லை.

இதைவிடக் கனமான அடிப்படை ஒன்று 1981இல் வந்தது. காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கும், இரத்தத்தில் பீற்றா கரோட்டின் கூடுதலாக உள்ளவர்களுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய் குறைவாக வருவதைப் பல நாடுகளின் தரவுகள் காட்டின. கரட்டுக்கும் பப்பாசிக்கும் மஞ்சள் நிறம் கொடுக்கிற அந்தப் பொருளை உடம்பு விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். ரிச்சர்ட் பீற்றோ, ரிச்சர்ட் டோல் முதலிய ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள், கரோட்டினே காப்பாற்றுகிறதா என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்வி. மரக்கறி அதிகம் சாப்பிடுகிறவர் புகை பிடிப்பது குறைவாக இருக்கலாம், வருமானம் கூடியவராக இருக்கலாம், நோய் வந்ததும் வைத்தியரிடம் முந்திப் போகிறவராக இருக்கலாம். இவற்றையெல்லாம் பிரித்தறிய ஒரே வழி, சீட்டுக் குலுக்கியதுபோல் ஆட்களைப் பிரித்து ஒரு பகுதிக்குக் குளிசையும் மறு பகுதிக்குப் போலியும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது.

பின்லாந்து காத்திருந்தது. 50 முதல் 69 வயது வரையான, புகை பிடிக்கிற 29,133 ஆண்கள் சேர்க்கப்பட்டார்கள். நாளுக்கு 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின், 50 மில்லிகிராம் விற்றமின் ஈ, இரண்டும், அல்லது எதுவுமில்லை என நான்கு குழுக்கள். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கழித்து, 1994இல் முடிவு வெளியானது. கரோட்டின் விழுங்கியவர்களுக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. குறைக்கும் என்று நம்பிக் கொடுத்த குளிசை கூட்டியிருந்தது. ஆய்வாளர்களே நம்பத் தயங்கினார்கள். தற்செயலாக இருக்குமோ என்ற ஐயத்தை அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இன்னொரு சோதனை தீர்த்து வைத்தது. அதில் இருந்தவர்கள் 18,314 பேர். புகை பிடிப்பவர்கள், விட்டவர்கள், அஸ்பெஸ்ரஸ் தூசுக்குள் வேலை செய்தவர்கள். அவர்களுக்கு 30 மில்லிகிராம் கரோட்டினும் 25,000 அலகு விற்றமின் ஏயும் நாள்தோறும் கொடுக்கப்பட்டன. சுவாசப்பைப் புற்றுநோய் 28 வீதமும் மொத்த மரணம் 17 வீதமும் கூடியதைக் கண்டு, 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முந்தியே அதை நிறுத்தினார்கள். பெரும்பாலும் புகை பிடிக்காத 22,071 அமெரிக்க வைத்தியர்களிடம் 12 ஆண்டுகள் கரோட்டின் கொடுத்துப் பார்த்த சோதனையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

ஏன் இப்படி? ஃபெரெட் என்ற சிறு விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வு ஒரு விளக்கம் தந்தது. கரட்டில் உள்ள அளவு கரோட்டினை உடம்பு ஒழுங்காகக் கையாளுகிறது. குளிசையாகக் கொட்டப்பட்ட பெருந்தொகை கரோட்டின், புகை படிந்த சுவாசப்பைக்குள் போனதும் ஒட்சியேற்றம் அடைந்து உடைகிறது. உடைந்த துண்டுகள், கலங்கள் அளவோடு பெருகுவதற்கான விற்றமின் ஏயின் சமிக்ஞையைக் குழப்புகின்றன. சுவீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் 2014இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். சுவாசப்பைப் புற்று தொடங்கியிருந்த எலிகளுக்கு விற்றமின் ஈ கொடுத்தபோது புற்று வேகமாக வளர்ந்தது. கலங்களைப் பாதுகாக்கிற பொருள் நல்ல கலம், கெட்ட கலம் என்று பார்ப்பதில்லை. ஏற்கெனவே வழி தவறிய கலத்துக்கும் அது அதே பாதுகாப்பைக் கொடுக்கிறது. நாற்பது ஆண்டு பீடி குடித்த ஒருவரின் சுவாசப்பையில் அப்படியான கலங்கள் இருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால் விற்றமின் எல்லாமே வீண் என்று சொல்லிவிடலாம். சீனாவின் ஹெனான் மாகாணத்து லின்சியன் மாவட்டம் அப்படிச் சொல்ல விடவில்லை. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் உலகின் மிக மோசமான இடங்களில் ஒன்று அது. மக்கள் ஏழை விவசாயிகள், இரத்தத்தில் விற்றமின்கள் குறைவு. 1986 முதல் 1991 வரை 29,584 பேருக்குச் சாதாரணத் தேவையின் ஒன்று அல்லது இரண்டு மடங்கு அளவில் பல கலவைகள் கொடுக்கப்பட்டன. கரோட்டின், விற்றமின் ஈ, செலனியம் மூன்றும் சேர்ந்த கலவையைப் பெற்றவர்களிடம் மொத்த மரணம் 9 வீதமும், புற்றுநோய் மரணம் 13 வீதமும், வயிற்றுப் புற்றுநோய் மரணம் 21 வீதமும் குறைந்தன. விற்றமின் சி, விற்றமின் ஏ, பி வகைக் கலவைகள் புற்றுநோய் மரணத்தைக் குறைக்கவில்லை. கலவை நிறுத்தப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும், தொடக்கத்தில் 55 வயதுக்குக் கீழ் இருந்தவர்களிடம் அந்த நன்மை தெரிந்தது.

பின்லாந்தையும் லின்சியனையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. குறைபாடு உள்ள உடம்பில் குறையை நிரப்பினால் பயன் உண்டு. நிறைந்த உடம்பில் மேலும் ஏற்றினால் பயன் இல்லை, புகை புகுந்த உடம்பில் ஏற்றினால் தீங்கு. இதற்குப் பின் வந்த பெரிய சோதனைகளில் பல இந்த ஒழுங்கைக் குலைக்கவில்லை. விற்றமின் ஈ புரஸ்டேட் புற்றுநோயைக் குறைக்கும் என்ற நம்பிக்கையோடு அமெரிக்காவில் 35,533 ஆண்களிடம் தொடங்கிய சோதனையில் நாளுக்கு 400 அலகு கொடுத்தார்கள். ஒரு நாளைய தேவையின் பத்து மடங்குக்கும் மேல் அது. 2011இல் கணக்கெடுத்தபோது புரஸ்டேட் புற்றுநோய் 17 வீதம் கூடியிருந்தது. வயது வந்த அமெரிக்க வைத்தியர்களிடம் பல்விற்றமின் குளிசை புற்றுநோயை 8 வீதம் குறைத்தது என்று 2012இல் ஒரு முடிவு வந்தது, 2022இல் வந்த அடுத்த பெரிய சோதனை அதை உறுதிப்படுத்தவில்லை. அதே 2022இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, புற்றுநோயைத் தடுக்க பீற்றா கரோட்டினோ விற்றமின் ஈயோ எடுக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

வன்னிக்கு மிக நெருக்கமான ஆய்வு பின்லாந்திலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. கேரளத்தில் இருக்கிறது, அது வாயைப் பற்றியது. இலங்கை ஆண்களிடம் முதல் இடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். அதற்கு முதற்காரணம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்ற நான்கு. வயலில் நிற்கிறவர், மீன்வாடியில் நிற்கிறவர், செத்தவீட்டில் தட்டத்தைச் சுற்றியிருக்கிற ஆச்சிமார் என்று எங்கள் ஊரில் இதற்கு வயதும் இல்லை, ஆண் பெண் வேறுபாடும் இல்லை. “புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று சமாதானம் சொல்வோர் பலர். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும், பாக்கு தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதியாகச் சொல்லிவிட்டது. இளைஞர்கள் கையில் இப்போது மாவா வந்திருக்கிறது. அதுவும் பாக்குத்தான்.

பாக்கு வாயின் உட்தோலுக்குக் கீழே நார்த்திசுவைத் தடிக்கச் செய்கிறது. வாய் மெதுவாக இறுகும், மூன்று விரல் நுழையாத நிலை வரும். காரமும் சூடும் எரியும். எரிவதால் கறியை ஒதுக்கி வெறும் சோறும் தேத்தண்ணியுமாகச் சாப்பாடு சுருங்கும். விற்றமின் குறையும். குறைய, உட்தோல் தன்னைப் புதுப்பிக்கும் வலு மேலும் இழக்கும். வெற்றிலை சப்புகிறவரின் வாயில் விற்றமின் குறைபாடு இப்படித்தான் புற்றுநோய்க்குத் துணை போகிறது.

விற்றமின் கொடுத்தால் பயன் உண்டா என்பதைக் கேரளத்தின் திருவனந்தபுரத்தில் இரா. சங்கரநாராயணனும் அவருடைய குழுவினரும் வாயில் வெண்படலம் உள்ள 160 பேரிடம் சோதித்து 1997இல் எழுதினார்கள். வெண்படலம் புற்றுநோய்க்கு முந்திய நிலை. ஓராண்டு முழுவதும் ஒரு குழுவுக்கு வாரம் 300,000 அலகு விற்றமின் ஏ, ஒரு குழுவுக்கு பீற்றா கரோட்டின், மற்றக் குழுவுக்குப் போலி. விற்றமின் ஏ பெற்றவர்களில் 52 வீதத்தினரிடம் படலம் முற்றாக மறைந்தது. கரோட்டின் குழுவில் 33 வீதம், போலிக் குழுவில் 10 வீதம். இதை மட்டும் படித்தால் உடனே பாமசிக்கு ஓடத் தோன்றும். ஆனால் மருந்தை நிறுத்தியதும், மறைந்தவர்களில் விற்றமின் ஏ குழுவில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் கரோட்டின் குழுவில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கும் படலம் திரும்பி வந்தது. கொடுத்த அளவோ, வளர்ந்த ஒருவர் நாள்தோறும் எடுக்கலாம் என்று வைத்திருக்கும் உச்ச எல்லையின் நான்கு மடங்குக்கு மேல். வாழ்நாள் முழுவதும் எடுத்தால் ஈரல் கெடலாம். கருவுற்ற பெண் எடுத்தால் பிள்ளைக்கு ஊனம் வரலாம். ஆகவே அது மருந்தாக மாறவில்லை.

அதே திருவனந்தபுரத்தில், அதே ஆய்வாளர்கள் வேறொன்றைச் செய்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் பார்த்தார்கள். 1996இல் தொடங்கிய அந்தப் பணியின் பலன் 2005இல் வெளியானது: புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைந்தது. எந்த விற்றமினும் இந்த அளவுக்குக் குறைத்ததில்லை. இலங்கையிலும் 1980களின் தொடக்கத்திலேயே சமன் வர்ணகுலசூரிய குழுவினர், கிராமத்து ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் வாயைப் பார்த்தே இந்த மாற்றங்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியிருந்தார்கள். வன்னியில் இது ஏன் ஒவ்வொரு கிராம சேவையாளர் பிரிவிலும் நடக்கவில்லை என்பதுதான் என்னை வருத்துகிற கேள்வி.

ஃபோலிக் அமிலத்தின் கதை எங்கள் பக்கத்து மண்ணோடு இன்னும் இறுக்கமாகப் பின்னியது. 1920களின் முடிவில் பம்பாயில், கருவுற்ற நெசவாலைப் பெண்களை வாட்டிய இரத்தச்சோகைக்கு மார்மைட் குணம் தருவதை இங்கிலாந்து வைத்தியர் லூசி வில்ஸ் கண்டார். காய்ச்சல்காரருக்கு எங்கள் வீடுகளில் கரைத்துக் கொடுக்கிற அதே மார்மைட். அதில் இருந்த பொருள்தான் ஃபோலேட் என்று பிறகு தெரிந்தது. பொஸ்ரனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் சேர்மங்களைக் கொடுத்தபோது நோய் வேகம் கூடியது போலத் தெரிந்தது. அப்படியானால் ஃபோலிக்கைத் தடுக்கிற மருந்து வேண்டும் என்று அவர் எண்ணினார். அந்த மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன யெல்லப்பிரகட சுப்பாராவின் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1948இல் ஃபார்பர் 16 குழந்தைகளில் 10 பேரிடம் தற்காலிகக் குணம் கண்டதாக எழுதினார். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிற மெதோட்ரெக்சேற் அந்த வழி வந்ததே.

விற்றமினின் இரட்டை முகத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. கலம் தன் மரபுப் பொருளைப் பிழையில்லாமல் படியெடுக்க ஃபோலேட் வேண்டும். குறைந்தால் பிழை சேரும், புற்று தொடங்க வழி கிடைக்கும். தொடங்கிவிட்ட புற்றுக்கோ பெருகுவதற்கு அதே ஃபோலேட் தீனி. பெருங்குடலில் முகிழ்ச்சி (பொலிப்) இருந்து அகற்றப்பட்டவர்களுக்கு நாளுக்கு 1 மில்லிகிராம் கொடுத்த அமெரிக்கச் சோதனை 2007இல் பயன் இல்லை என்றது, முற்றிய முகிழ்ச்சிகள் கூடும் சாயலையும் காட்டியது. பின்னர் 2013இல் ஏறத்தாழ 50,000 பேரின் தரவுகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது கூடவுமில்லை, குறையவுமில்லை என்று தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு எந்தக் கர்ப்பிணித் தாயும் கிளினிக்கில் தருகிற ஃபோலிக் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. 1991இல் பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபையின் சோதனை, முன்னர் பாதிப்புள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மாரிடம் ஃபோலிக் அமிலம் குழந்தையின் முள்ளந்தண்டு, மூளைக் குறைபாட்டை 72 வீதம் தடுத்ததைக் காட்டியது. குடும்பநல உத்தியோகத்தர் தருகிற குளிசையும், பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கிற விற்றமின் ஏயும், திரிபோஷவும் குறையை நிரப்பத் தரப்படுபவை. பாமசியில் தானாக வாங்கிப் பல மாதம் போடுகிற போத்தலோடு இவற்றை ஒன்றாக வைக்கக் கூடாது.

விற்றமின் டி பற்றிய பேச்சு இப்போது கூடுதல். 25,871 அமெரிக்கர்களிடம் நாளுக்கு 2,000 அலகு வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவின்படி புற்றுநோய் வருவது குறையவில்லை. ஒஸ்லோவில் வாழும் இலங்கையரின் இரத்தத்தில், கண்டியில் வாழ்பவர்களைவிட விற்றமின் டி மிகக் குறைவாக இருப்பதை 2008இல் ஓர் ஆய்வு கண்டது. அங்கே இருப்பவர்களுக்கு அந்தக் குளிசை தேவைப்படலாம். முல்லைத்தீவு வெயிலில் நிற்கும் தகப்பனுக்கு அதே போத்தலை அனுப்புவதில் பொருள் இல்லை.

விற்றமின் சிக்கு ஒரு நல்ல சொல் சொல்ல வேண்டும். குடிநீரில் உள்ள நைத்திரேற்று வாயிலும் வயிற்றிலும் மாறி, புற்றுநோய் தரும் நைத்திரோசமீன்களாக ஆவதை விற்றமின் சி தடுக்கிறது என்பது 1972 முதல் தெரிந்த வேதியியல். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளில், உரமிட்ட தோட்டங்களை அண்டி, நைத்திரேற்று எல்லை மீறியிருப்பது பல ஆண்டுகளாகப் பதிவாகியிருக்கிறது. வன்னியின் பெரும்பகுதி கடும்பாறை நிலம், ஆனாலும் தோட்டக் கிணற்றுக்கும் உரமூட்டைக்கும் இடையே தூரம் வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும். சாப்பாட்டோடு கொய்யா, நெல்லி, தேசிக்காய்ச் சாறு இருந்தால் போதும். இதற்குக் குளிசை வேண்டியதில்லை.

இனி வன்னிக்கு வருவோம். லின்சியனின் பாடம் எங்களுக்கு எவ்வளவு பொருந்தும்? தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடை, 2009இன் பட்டினி, மெனிக் பாம் முகாமின் நிவாரண அரிசியும் பருப்பும் கோதுமை மாவும், 2022இல் மீனும் முட்டையும் எட்டாத விலைக்குப் போனது என்று ஒரே தலைமுறை பலமுறை சுருங்கிய தட்டில் சாப்பிட்டிருக்கிறது. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தைச் சிறுமிகளாகத் தாண்டிய நெதர்லாந்துப் பெண்களுக்குப் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் கூடியதை 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. முள்ளிவாய்க்காலில் கஞ்சி குடித்து உயிர் தப்பிய பிள்ளைகள் இப்போது வளர்ந்தவர்கள். அவர்களது உடல்நலத்தை ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இப்போது பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அவை எடுத்துச் செய்யக்கூடிய பணி இது.

குறை எங்களுக்கு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். நிரப்புவதற்குரியது வேலியில் நிற்கிறது. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி, பசளி எல்லாவற்றிலும் கரோட்டினும் ஃபோலேட்டும் இருக்கின்றன. கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். தேங்காய்ப்பூப் போட்டு வறுக்கிற இலை வறை அதற்கு மிகச் சரியான சமையல். பப்பாசியும் பூசணியும் பனங்களியும் அதே நிறத்தவை. உணவிலிருந்து வரும் கரோட்டின் புகைபிடிப்பவருக்குத் தீங்கு செய்ததாக அந்தச் சோதனைகளில் எங்கும் தெரியவில்லை. பெருந்தொகைக் குளிசையே தீங்கு செய்தது. உணவுக்கும் வரம்பு மீறிய வாக்குறுதி கொடுக்க நான் விரும்பவில்லை. பத்து ஐரோப்பிய நாடுகளின் பெரிய ஆய்வு ஒன்று, நாளுக்கு 200 கிராம் மரக்கறி, பழம் கூடுதலாகச் சாப்பிட்டால் மொத்தப் புற்றுநோய் 3 வீதமளவே குறைவதை 2010இல் கண்டது. சிறு நன்மை, ஆனால் தீங்கில்லாத நன்மை.

சிகிச்சையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியில் எழுந்து 2013இல் திறந்த தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்கும், மகரகமவுக்கும் வன்னியிலிருந்து பலர் போய் வருகிறார்கள். சில புற்றுநோய் மருந்துகளின் நச்சை ஃபோலிக் அமிலம் கூட்டும், சிலவற்றின் வேலையை அது குறைக்கும். கதிர்ச் சிகிச்சை நடக்கும்போது பெருந்தொகை விற்றமின் ஈ எடுப்பதும் நல்லதல்ல. உறவினர் தந்த போத்தலையும் நாட்டு மருந்தையும் மறைக்காமல் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. புகை பிடிக்கிற, வெற்றிலை சப்புகிற அப்பாவுக்குக் கரோட்டினும் விற்றமின் ஏயும் விற்றமின் ஈயும் அனுப்பாதீர்கள். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, அவர் வாயை எப்போது காட்டினார் என்று கேளுங்கள். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படலம், மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், திறக்க முடியாமல் இறுகும் வாய், இவற்றில் எது இருந்தாலும் கிளிநொச்சி, மாஞ்சோலை, வவுனியா ஆஸ்பத்திரிகளில் எதற்காவது போய்ப் பல் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். அரச ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை.